கதிரியக்க அயடீன் சிகிச்சையும் அதன் பின்விளைவுகளும்

கொக்கிளாயில், களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அண்டி வாழும் எம் உறவினரிடையே "அணுக்குண்டு மருந்து" என்றொரு சொல் வழங்குகின்றது. மருத்துவ நூல்களிற் கதிரியக்க அயடீன் எனக் குறிக்கப்படும் மருந்துக்கு எம்மூரார் இட்ட பெயர் அது. 2015ஆம் ஆண்டில் என் சிறிய தாயார் அம்மருந்தை அருந்தி வீடு திரும்பியபோது, அயலிலுள்ளோர் தம் குழந்தைகளை அவர் வீட்டுப் படலையருகே செல்லவும் விடவில்லை. பொதுக் கிணற்றில் அவர் நீர் அள்ளலாமா என்று நாலைந்து பெரியவர்கள் கூடி ஆராய்ந்தனர். ஒரு மாதம் வரை அவர் வளவின் மூலையிலுள்ள வலைக் கொட்டிலிலேயே படுத்தெழுந்தார். அவர்கள் அஞ்சியபடி எவருக்கும் எத்தீங்கும் நேரவில்லை. ஆயினும் ஈராண்டு கழிவதற்குள் அவருக்கு வேறொரு தீங்கு நேர்ந்தது. அதனை ஊராரும் உணரவில்லை. மருத்துவம் கற்று வெளியூரில் தொழில் புரியும் நானும் காலத்தில் உணரவில்லை. கல்லூரி விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இதுவே. எம் கல்லூரிப் பழைய மாணவர் வீடுகளிலும் இந்நோயாளர் பலர் இருப்பராதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு இரு மடல்களாக அமைந்துள்ளது தைரொயிட்டுச் சுரப்பி. கேடயச் சுரப்பி எனத் தமிழாக்கி வழங்குவாரும் உளர். நிறை ஏறத்தாழ 20 கிராம். உணவிலுள்ள அயடீனை இரத்தத்திலிருந்து இழுத்தெடுத்துத் தைரொக்சின் முதலிய ஓமோன்களை ஆக்குவது அதன் தொழில். உடலின் கலங்கள் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை அந்த ஓமோன்களே தீர்மானிக்கின்றன. சுரப்பு அளவுக்கு மிஞ்சினால் உடல் முழுவதும் முடுக்கிவிட்ட இயந்திரம்போல ஓடத் தொடங்கும். நன்கு உண்டும் உடல் மெலியும், கை நடுங்கும், வியர்க்கும், இதயம் படபடக்கும், உறக்கம் கெடும், காரணமின்றிச் சினம் வரும்.

இந்நோயின் மிகப் பொதுவான வகையை 1835இல் டப்ளின் நகர வைத்தியர் றொபேட் கிறேவ்ஸ் விவரித்தார். 1840இல் ஜேர்மன் நாட்டு வைத்தியர் பாசெடோ, வீங்கிய கழுத்து, பிதுங்கிய கண், படபடக்கும் நெஞ்சு ஆகிய மூன்றையும் ஒரு நோயின் மூன்று முகங்களாக எடுத்துக்காட்டினார். இன்றும் ஆங்கிலேயர் முன்னவர் பெயராலும் ஜேர்மானியர் பின்னவர் பெயராலும் நோயை அழைப்பர். நோய்க்குக் காரணம் உடலே உண்டாக்கும் பிறபொருளெதிரி ஒன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. அது சுரப்பியின் வாயிலில் நின்று இடைவிடாது அதனைத் தூண்டுகின்றது. பெண்களிடத்தில் இந்நோய் ஆண்களிலும் பன்மடங்கு அதிகம்.

என் சிறிய தாயாருக்கு இக்குறிகள் தோன்றியபோது எவரும் நோயென்று கருதவில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஊரோடு இடம்பெயர்ந்தவர். இடத்துக்கு இடம் அலைந்து, 2009இற் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே சொந்த மண்ணுக்கு மீண்டவர். மெலிவையும் நடுக்கத்தையும் உறக்கமின்மையையும் அவர் பட்ட துன்பத்தின் கணக்கிலே எழுதிவிட்டோம். கண்கள் சற்றே முன்தள்ளியதைப் பார்த்த ஒரு தாதிதான் கழுத்தைத் தடவிப் பார்த்து வைத்தியரிடம் அனுப்பினார். காபிமசோல் என்னும் வில்லையை ஒன்றரை ஆண்டு உட்கொண்டார், குணமடைந்தார், நிறுத்திய சில மாதங்களில் நோய் திரும்பிற்று. அந்நிலையில் மூன்று வழிகள் உள. மாத்திரையை மீண்டும் தொடங்கி நீண்டகாலம் உட்கொள்ளலாம். சத்திரசிகிச்சையாற் சுரப்பியை அகற்றலாம். அல்லது கதிரியக்க அயடீனால் அதனை அடக்கலாம். மூன்றிலும் இடர் உண்டு. காபிமசோல் மிகச் சிலரில் வெண்குருதிக் கலங்களைத் திடீரெனக் குறைத்துவிடும். அம்மருந்து உண்போர் தொண்டைநோவும் காய்ச்சலும் கண்டவுடன் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்பது அதனாலேயே. சத்திரசிகிச்சையிற் குரல்நரம்பும், கல்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளும் ஊறுபடலாம். இவற்றை ஒப்புநோக்கி, அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். அத்தேர்வு தவறென்று இன்றும் நான் கருதவில்லை.

இம்மருந்தின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் அயடீன் பளிங்குகளைச் சூடாக்கியபோது குழாயில் எழுந்த ஊதா நிற ஆவியை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். 1811இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் கடற்சாதாழையின் சாம்பலோடு அமிலம் சேர்த்தபோது எழுந்ததும் அதே ஆவிதான். ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே மூலகத்தின் பெயராயிற்று. கடலே அயடீனின் பெருங்களஞ்சியம்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், பௌதிக அறிஞர் காள் கொம்ரன், பௌதிகம் மருத்துவத்துக்கு என்ன செய்யவல்லது என்பதுபற்றி வைத்தியர்களிடையே உரையாற்றினார். உரை முடிந்ததும் சோல் ஹேர்ட்ஸ் என்ற இளம் வைத்தியர் எழுந்து, அயடீனைச் செயற்கை முறையிற் கதிரியக்கமுடையதாக்க முடியுமா என்று வினவினார். தைரொயிட்டு அயடீனை விரும்பி உண்ணும் சுரப்பி என்பது அவர் அறிந்த விடயம். அயடீனோடு கதிரையும் சேர்த்துக் கொடுத்தால், கத்தியின்றியே சுரப்பியின் உள்ளே புகலாம் அன்றோ? பௌதிகரான ஆதர் றொபேட்ஸ் அவருடன் சேர்ந்தார். முதலில் அவர்கள் ஆக்கிய அயடீன்-128 என்னும் சமதானியின் அரைவாழ்வுக் காலம் 25 நிமிடம் மாத்திரமே. முயல்களிற் சோதனை செய்யவே அது போதியதாயிருந்தது. 1938இல் லிவிங்குட், சீபோர்க் ஆகிய இருவர் அயடீன்-131ஐக் கண்டனர். 1941இல் ஹேர்ட்ஸ் முதல் நோயாளிக்கு அம்மருந்தைக் கொடுத்தார். போரின்போது அவர் கடற்படைக்குச் செல்லவே, வேலையைச் சப்மனும் எவன்சும் தொடர்ந்தனர். 1946 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையின் ஒரே இதழில் இரு சாராரின் கட்டுரைகளும் வெளிவந்தன. பௌதிகக் கூட்டமொன்றில் எழுந்த ஒரு வினாவுக்குப் பத்தாண்டுகளிற் கிடைத்த விடை அது. அதற்கு முந்திய ஆண்டில் ஹிரோஷிமாவில் நிகழ்ந்ததை உலகம் அறிந்திருந்தமையால், "அணு" என்ற சொல்லோடு அச்சமும் ஒட்டிக்கொண்டது. எம்மூரார் இட்ட பெயரிலும் அவ்வச்சமே ஒலிக்கின்றது.

அயடீன்-131 வெளிவிடும் கதிர் இருவகை. பீற்றாக் கதிர் இழையத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேற் செல்லாது. சுரப்பியை அழிப்பது அதுவே. காமாக் கதிர் உடலையும் ஊடுருவி வெளியே வரும். அருகிலிருப்போர் சில நாள் விலகியிருக்க வேண்டும் என்பது இதனாலேயே. இதன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். 80 நாள், அஃதாவது பத்து அரைவாழ்வுக் காலம் சென்றால், எஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. கணித மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறுநீர் வழியாக ஒரு பகுதி முதல் ஓரிரு நாளிலேயே வெளியேறிவிடுவதால், உடலில் எஞ்சுவது இக்கணக்கிலும் விரைவாகக் குறையும். எமது நாட்டில் அணு உலை இல்லாமையால் இம்மருந்து வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. வந்திறங்கும்போதே தேய்ந்துகொண்டிருக்கும் பொருளாகையால், குறித்த நாளில் நோயாளி சென்றேயாக வேண்டும். முகத்துவாரத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து வவுனியாவுக்கு மற்றொன்று, பின்னும் பல மணிநேரப் பயணம் என்ற நிலையிலுள்ளார்க்கு அதுவே முதற் சோதனை.

இனிப் பின்விளைவுகளுக்கு வருவோம். மக்கள் முதலில் அஞ்சுவது புற்றுநோயை. செர்னோபிலில் 1986இல் அணு உலை வெடித்தபின், அயடீன்-131 கலந்த பாலை அருந்திய குழந்தைகள் ஆயிரக்கணக்கானோர் தைரொயிட்டுப் புற்றுநோய்க்கு ஆளாயினர். அதே அயடீனையன்றோ நோயாளிக்கும் கொடுக்கின்றனர் என்று கேட்பது நியாயமே. வேறுபாடு அளவிலும் வயதிலும் உள்ளது. வளரும் குழந்தையின் சுரப்பியைச் சிறிதளவு கதிர் தாக்கினால், கலங்கள் சாகாமல் ஊனமுற்று உயிர்வாழும். பிற்காலத்தில் அவை புற்றாக மாறலாம். வளர்ந்தோருக்குச் சிகிச்சைக்காகக் கொடுக்கப்படும் அளவு கலங்களைப் பெரும்பாலும் கொன்றேவிடுகின்றது. 1946 முதல் 1964 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிகிச்சை பெற்ற 35,000இற்கு மேற்பட்ட அதிதைரொயிட்டு நோயாளரைத் தொடர்ந்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவில், மொத்தப் புற்றுநோய் மரணங்கள் கூடியதாகக் காணப்படவில்லை. அதே தொகுதியினருள் 18,805 பேரை மேலும் நீண்டகாலத்துக்கு ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, உறுப்புகள் ஏற்ற கதிரின் அளவு கூடக்கூட மார்புப் புற்று முதலியவற்றால் நேரும் மரணமும் சிறிதளவு கூடுவதாகக் கூறிற்று. அம்முடிவின் கணிப்பு முறைபற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்ந்தது. என் கருத்தைக் கேட்பின், இடர் முற்றாக இல்லையென்று நோயாளியிடம் கூறுதல் பிழை. அது சிறிது என்று கூறுதல் சரி. குழந்தைகளிடத்தும் இளையோரிடத்தும் வைத்தியர் கூடிய நிதானம் காட்டுவதும் அதனாலேதான்.

அயலவரின் அச்சத்தையும் இவ்விடத்திலே கூறிவிடலாம். மருந்தருந்தியவர் சில நாள் தனியே உறங்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அணைத்தோ நெடுநேரம் அருகில் வைத்தோ இருத்தலாகாது. கழிவிடத்தில் மிகுதியாக நீர் ஊற்ற வேண்டும். கைகளை நன்கு கழுவ வேண்டும். எத்தனை நாள் என்பதைக் கொடுத்த அளவைப் பொறுத்து வைத்தியசாலையே கூறும். நெரிசலான பேருந்தில், கைக்குழந்தையோடு வரும் ஒரு தாயின் அருகே ஏழெட்டு மணிநேரம் இருந்து வருவது தகாது. இதனை எம்மூர் நோயாளரிடம் எடுத்துரைப்போர் குறைவு. ஆனால் அவர் நீர் அள்ளுவதாற் கிணறு நஞ்சாகாது. ஒரு மாதம் கொட்டிலில் ஒதுக்கி வைக்கவும் வேண்டியதில்லை. களப்பின் அக்கரையிலே புல்மோட்டை மணலில் இல்மனைற்றோடு மொனசைற்று என்னும் கனியமும் கலந்துள்ளது. அதிலுள்ள தோரியம் இயற்கையாகவே கதிர்வீசுவது. 1957இலிருந்து கூட்டுத்தாபனம் அமைத்து அம்மணலை அகழ்ந்து வருகிறோம். அயலில் அத்தகைய மணலை வைத்துக்கொண்டு, சின்னம்மாவின் நீர்க்குடத்துக்கு அஞ்சினோம்.

மருந்தருந்திய முதல் இரு வாரங்களில் நேரக்கூடியவை வேறு. கதிர் பட்ட சுரப்பி அழன்று கழுத்து நோகலாம். கலங்கள் சிதைய, அவற்றுட் சேமித்திருந்த ஓமோன் ஒருங்கே இரத்தத்திற் கலந்து நோய்க்குறிகளைச் சில நாளுக்குக் கூட்டலாம். இளவயதினருக்கு இது பெருந்தொல்லையன்று. முதியோருக்கும் இதயநோயாளருக்கும் ஆபத்தாகலாம். மிக அரிதாக, காய்ச்சலும் மனக்குழப்பமும் இதயத் தளர்ச்சியுமாக உயிருக்கே தீங்கு நேரும். அதனாலேயே அத்தகையோருக்கு முன்கூட்டியே காபிமசோல் கொடுத்துச் சுரப்பியை அடக்கி, மருந்து நாளுக்குச் சில நாள் முன்னர் அதனை நிறுத்துவர். படபடப்பை அடக்கப் புறொப்பிரனலோல் கொடுப்பர். காபிமசோலை எந்நாளில் நிறுத்துவது, எந்நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை நோயாளி தாமே முடிவுசெய்யலாகாது.

கண்ணைப்பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிறேவ்ஸ் நோயிற் கண்ணின் பின்னுள்ள தசைகளும் கொழுப்பும் வீங்குதல் உண்டு. சுரப்பி சிதையும்போது அதன் கூறுகள் இரத்தத்தில் வெளிப்பட, முன்கூறிய பிறபொருளெதிரி பல மாதங்களுக்குக் கூடி நிற்கும்; கண்நோய் அதனால் முற்றலாம். இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர் 443 நோயாளரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இவ்விடயத்திற் புகழ்பெற்றது. கதிரியக்க அயடீன் மாத்திரம் பெற்றோருள் நூற்றுக்கு 15 பேருக்குக் கண்நோய் தோன்றியது அல்லது கூடியது. வில்லை மருந்து உண்டோருள் அது நூற்றுக்கு 3 பேருக்கே நேர்ந்தது. அயடீனோடு பிரெட்னிசொலோன் வகை மருந்தையும் மூன்று மாதம் பெற்ற பிரிவில் ஒருவருக்கேனும் நோய் கூடவில்லை. முன்னரே கண்நோய் இருந்தோர் பலருக்கு அது குறையவும் செய்தது. ஆகவே கண்ணில் நோய் மும்முரமாக இருப்பின் அயடீனைத் தவிர்ப்பர். இலேசாக இருப்பின் இம்மருந்தைத் துணைக்குக் கொடுப்பர். புகைபிடிப்போருக்கு இவ்விடர் மிகும். ஆதலின், நோயாளியிடம் வைத்தியர் முதலிற் கேட்க வேண்டிய கேள்விகளுள் சுருட்டும் ஒன்று. எம்மூர்க் கிழவியருட் சுருட்டுப் பிடிப்போர் உண்டு என்பதை நகரத்து வைத்தியர் எண்ணிப்பார்ப்பதில்லை. முடிச்சுக் கழலைகளால் வரும் அதிசுரப்பு வேறு வகை. அதில் இக்கண்நோய் இல்லை.

தாய்மாருக்குரிய விதிகளிற் தளர்வே இல்லை. கருவிலுள்ள சிசுவின் தைரொயிட்டு பத்துப் பன்னிரண்டு வாரமளவில் அயடீனைப் பற்றத் தொடங்கும். அப்போது தாய் இம்மருந்தை அருந்தினாற் சிசுவின் சுரப்பி அழியும். எனவே மருந்துக்கு முன் கருப்பரிசோதனை செய்ய வேண்டும். பின் ஆறு மாதம் கருத்தரித்தலைத் தள்ளிப்போட வேண்டும். பாலூட்டும் தாய் குறைந்தது ஆறு வாரம் முன்னரே பாலூட்டலை நிறுத்திவிட வேண்டும். அக்குழந்தைக்கு மீண்டும் தாய்ப்பால் கொடுக்கலாகாது. சுரப்பி அழிந்து ஆண்டுகள் சென்றபின்னும் பிறபொருளெதிரி சிலரது இரத்தத்தில் நிலைத்திருந்து, பிற்காலத்தில் வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கலாம். ஆதலால் முன்னர் இச்சிகிச்சை பெற்ற பெண், கருவுற்றதும் அச்செய்தியைத் தம் மருத்துவிச்சியிடமும் வைத்தியரிடமும் கூறுதல் கட்டாயம்.

இத்தனையும் சின்னம்மாவுக்கு நேரவில்லை. அவருக்கு நேர்ந்தது மிகமிகச் சாதாரணமானது. இச்சிகிச்சை பெறுவோருட் பெரும்பாலோருக்கு இன்றோ நாளையோ நேர்வது. சுரப்பி அடங்கிற்று, அடங்கியது பின் அணைந்தேவிட்டது. உண்மையில், நோய் திரும்பாதிருக்கும்பொருட்டு இக்காலத்து வைத்தியர் பலர் சுரப்பியை அணைத்துவிடுவதையே நோக்காகக் கொண்டு அளவைத் தீர்மானிக்கின்றனர். சிறிய அளவு கொடுத்த காலத்திலும் ஆண்டுதோறும் நூற்றில் இரண்டு மூன்று பேராகச் சுரப்புக் குன்றியோர் தொகை கூடிக்கொண்டே சென்றது. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த மூத்த ஜோர்ஜ் புஷ், 1991 மே மாதம் ஓட்டப்பயிற்சியின்போது இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து, கிறேவ்ஸ் நோயென அறியப்பட்டு, கதிரியக்க அயடீன் அருந்தினார். அவருக்கும் பின்னர் சுரப்புக் குன்றித் தைரொக்சின் வேண்டியதாயிற்று. அவர் அருகில் எந்நேரமும் வைத்தியர் இருந்தனர். இரத்தம் காலத்துக்குக் காலம் சோதிக்கப்பட்டது. சின்னம்மாவுக்கு அக்கரையிலிருந்து வீசும் காற்றைத் தவிர அருகில் வேறொருவரும் இல்லை.

அவரை வைத்தியசாலையிலிருந்து அனுப்பியபோது கையிற் கொடுத்தது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு துண்டு. ஆறு வாரத்தில் வருக, பின் தொடர்ந்து வருக என்பது அதிலிருந்தது. முதற் தவணைக்குச் சென்றார். பின்னர் வாடைக்காலம், கரைவலைத் தொழிலும் பேருந்துச் செலவும் குறுக்கிட்டன. தொலைபேசியில் நான் கேட்டபோது, "தம்பி, எனக்கு இப்ப நல்ல சுகம். நெஞ்சு படபடக்கிறேல்லை, நித்திரையும் வருது. இனி ஏன் அவ்வளவு தூரம் போவான்?" என்றார். நானும் மறுத்துரைக்கவில்லை. குற்றத்தில் என் பங்கு அது.

மாதங்கள் சென்றன. எலும்பும் தோலுமாயிருந்தவர் பூரித்தார். "மருந்து பிடிச்சு உடம்பு வைச்சிட்டுது" என உறவினர் மகிழ்ந்தனர். இரவிற் கெண்டைக்கால் பிடித்திழுத்தது. நாள் முழுதும் கரையில் நின்றமையால் என்று கொண்டனர். மயிர் உதிர்ந்தது, வயது என்றனர். மலச்சிக்கலைப் பற்றி எவரிடமும் அவர் கூறவில்லை. பேச்சுக் குறைந்தது, வேலை மந்தித்தது, "சோம்பேறியாய்ப் போனா" என மருமகள் குறைபட்டாள். முன்பு சினந்தெழுந்தவர் இப்போது பேசாதிருந்தமையால் வீட்டில் அமைதி நிலவுகின்றதென்றே எண்ணினர். ஒவ்வொரு குறிக்கும் வேறொரு காரணம் ஆயத்தமாயிருந்தது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் தொலைபேசியில் வந்த குரலை ஆண்குரலென மயங்கி, "ஆர் பேசுறது?" என்று கேட்டேன். "நான்தான் மோனை, சின்னம்மா" என்றது அக்குரல். அப்போதும் தடிமன் என்றே கொண்டேன்.

அவ்வாண்டு வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குச் சென்றிருந்தேன். வியர்வையில் நனைந்த பெருங்கூட்டத்தின் நடுவே, தோளிற் கம்பளிப் போர்வையோடு ஒருவர் மரத்தடியில் அமர்ந்திருந்தார். முகம் வீங்கி, கண்மடல் கனத்து, புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்து, கன்னம் மஞ்சளோடிய மெழுகுபோல இருந்தது. நாடியைப் பிடித்தேன், நிமிடத்துக்கு 52. குதிநாணிற் தட்டினால் மெல்ல அசைந்து மெல்ல மீண்டது பாதம். மாணவப் பருவத்திற் பாடநூலிற் படித்த படம் என் தாயின் தங்கையாக அமர்ந்திருக்கக் கண்டேன். அந்நிலையில் ஒரு கடும் நியுமோனியாவோ, அறியாமற் கொடுக்கும் ஓர் உறக்க மருந்தோ போதும். உடல்வெப்பம் தாழ்ந்து, நினைவிழந்து, மீளாமற் போதலும் உண்டு.

இரத்தச் சோதனையைப்பற்றி ஒரு நுட்பம் கூறுவேன். வைத்தியரல்லாதாரும் அறிந்திருத்தல் நன்று. தைரொயிட்டு குன்றினால் மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ரீ.எஸ்.எச். என்னும் தூண்டும் ஓமோன் கூடும். பொதுவாக அதனையே அளப்பர். ஆனால் நெடுநாள் மிகைச்சுரப்பில் இருந்தவருக்கு அத்தூண்டல் சில மாதம் உறங்கியே கிடக்கும். தைரொக்சின் தாழ்ந்துவிட்ட பின்னும் ரீ.எஸ்.எச். எழாது. அதனை மாத்திரம் பார்ப்பவர், குறைச்சுரப்பில் வாடும் நோயாளியை மிகைச்சுரப்பில் இருப்பவரெனப் பிழைபட எண்ணக்கூடும். ஆகவே சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு மாதம், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கட்டற்ற தைரொக்சினையும் சேர்த்தே அளக்க வேண்டும். அளவு நிலைப்பட்டபின் ஆண்டுக்கொருமுறை போதும். ஆனால் ஆயுள் முழுதும் வேண்டும். இச்சோதனைக்கு அணுமருத்துவப் பிரிவுள்ள நகரம் வரை செல்லவேண்டியதில்லை. அண்மையிலுள்ள வைத்தியசாலையில் இரத்தத்தைக் கொடுத்தனுப்பினாலே போதும் என்பதைச் சின்னம்மாவுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருப்பின் அவர் வாடைக்காலத்திலும் சென்றிருப்பார்.

மருந்து எளியது. 1914இற் கெண்டல் என்பார் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்து, 1927இல் ஹரிங்டனும் பாஜரும் செயற்கையாக ஆக்கிய தைரொக்சினே அது. விலை மலிவு. ஆனால் உட்கொள்ளும் முறையிற் பலர் தவறுகின்றனர். வெறுவயிற்றில் நீரோடு மாத்திரம் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தின் பின்னரே தேநீரோ உணவோ கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, கல்சிய வில்லைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வெப்பமும் ஈரமும் ஒளியும் இவ்வில்லையின் வலிமையைக் குறைக்கும்; தகரக் கூரையின் கீழ், கடற்காற்றில், திறந்த தட்டத்தில் வைத்தல் ஆகாது. அளவை மாற்றினால் ஆறு வாரத்தின் முன் சோதித்துப் பயனில்லை. தைரொக்சினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஏழு நாளாகையால் உடல் புதிய அளவுக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும். முதியோருக்கும் இதயநோயாளருக்கும் சிறு அளவிலே தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுவர்; ஒரேயடியாகக் கூட்டினால் மார்புநோவு வரலாம்.

சின்னம்மாவுக்கு 25 மைக்கிரோகிராமில் தொடங்கினோம். மூன்றாம் மாதத்திற் போர்வையை விட்டார். ஐந்தாம் மாதத்திற் பழைய குரல் மீண்டது. பழைய சினமும் சிறிது மீண்டதாக மருமகள் கூறினாள். கண்கள் முன்போலவே சற்றுத் தள்ளியே உள்ளன, அது மாறவில்லை. இப்போது நாளொன்றுக்கு 100 மைக்கிரோகிராம். விடியற்காலை நாலரை மணிக்கு, கரைக்குப் போகுமுன், மூடியிறுகிய கறுத்தப் போத்தலிலிருந்து ஒரு வில்லையை எடுத்து விழுங்குகிறார். வலையில் முதற்கயிறு ஏறியபின்னரே தேநீர்.

சென்ற ஆண்டு, முன்னர் தம் பிள்ளைகளைப் படலையருகே விடாத அதே அயல்வீட்டுப் பெண்ணுக்கும் இந்நோய் கண்டு, கதிரியக்க அயடீன் கொடுப்பதென முடிவாயிற்று. அவர் சின்னம்மாவிடம் வந்து, எத்தனை நாள் கொட்டிலிற் படுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "அது கொஞ்ச நாள் பிள்ளை, டொக்டர் சொல்லுவார். நீ வந்து ஆறாம் கிழமை இரத்தம் குடுக்கப் போறியோ எண்டதைச் சொல்லு, போகாட்டி நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்" என்று சின்னம்மா கூறியதாக அறிந்தேன். இருவரும் முல்லைத்தீவுக்குச் சேர்ந்தே சென்று இதுவரை நாலு முறை இரத்தம் கொடுத்துள்ளனர். மூன்றாவது முறையில் அப்பெண்ணின் தைரொக்சின் தாழ்ந்திருக்கக் கண்டு, வில்லை தொடங்கியாயிற்று.